காட்டியதும் போக வேண்டிய பொருள்

"மருந்து ஏத்தித்தான் ஸ்கேன் எடுக்கணுமாம்" என்று நம்மவர்கள் சொல்வதுண்டு. தமிழ் படிப்பிக்கும் எனக்கு அந்த 'மருந்து' என்ற சொல் எப்போதும் இடறும். அது நோயைத் தீர்ப்பதில்லை. உள்ளே இருப்பதைக் காட்டித் தருவதே அதன் வேலை. காட்டியதும் அது உடலை விட்டுப் போய்விட வேண்டும். இந்த இரண்டாவது நிபந்தனையை மருத்துவ உலகம் பெரும் விலை கொடுத்தே படித்துக்கொண்டது.

1895இல் ரொண்ட்ஜன் கண்டறிந்த எக்ஸ்கதிர் எலும்பைக் காட்டியது. இரத்தக் குழாய்களைக் காட்டவில்லை. கதிரை மறிக்கும் பாரமான மூலகமொன்றை உள்ளே செலுத்தினால்தான் அவை படத்தில் விழும். லிஸ்பன் நகரில் எகாஸ் மொனிஸ் என்ற வைத்தியர் 1927இல் மூளையின் இரத்தக் குழாய்களைப் படம்பிடித்தார். முதலில் அவர் பாவித்தது ஸ்ட்ரொன்சியம் புரோமைட்டு. நோயாளி ஒருவர் மௌத்தாகவே சோடியம் அயடைட்டுக்கு மாறினார்.

1930களின் தொடக்கத்தில் 'தோரோட்றாஸ்ட்' வந்தது. அது தோரியம் ஈரொட்சைட்டுக் கலந்த திரவம். ஏற்றும்போது நோவில்லை; படமோ பளிச்சென்று விழுந்தது. மொனிஸும் அதையே எடுத்துக்கொண்டார். ஆனால் தோரியம் கதிர்த்தொழிற்பாடுள்ளது. அதன் அரைவாழ்வுக் காலம் ஏறத்தாழ 1,400 கோடி வருடங்கள். உடல் அதை வெளியேற்ற முடியாமல் ஈரலிலும் மண்ணீரலிலும் எலும்பு மச்சையிலும் தேக்கி வைத்தது. ஒரு தடவை ஏற்றியது ஆயுள் முழுக்க உள்ளிருந்து அல்பாக் கதிர்களை வீசியது.

எச்சரிக்கை இல்லாமலில்லை. 1932இலேயே அமெரிக்க மருத்துவச் சங்கத்தின் குழுவொன்று இதை ஏற்க மறுத்தது. ஆனாலும் 1950கள் வரை பாவனை நிற்கவில்லை. ஏன்? கண்ணெதிரே ஒருவரும் விழவில்லை. ஈரல் புற்றுநோய் தலைகாட்ட இருபது, முப்பது வருடங்கள் எடுத்தன. ஜெர்மனி, டென்மார்க், போர்த்துக்கல் நோயாளிகளையும், போரில் காயப்பட்ட ஜப்பானியப் படையினரையும் ஆய்வாளர்கள் பல தசாப்தங்கள் பின்தொடர்ந்த பிறகே சேதத்தின் அளவு தெரிந்தது.

கதிர்த்தொழிற்பாடு மட்டும்தான் குற்றவாளி என்று முடிவுகட்டவும் கூடாது. இன்று எலும்பையும் இதயத்தையும் படம்பிடிக்கப் பாவிக்கும் டெக்னீசியம்-99எம் என்பதும் கதிர்வீசுவதுதான். ஆனால் அதன் அரைவாழ்வு ஆறு மணித்தியாலம். ஒரு நாளில் பதினாறில் ஒரு பங்காகக் குறைந்துவிடும். இன்றைய அயடீன் திரவங்கள் சிறுநீரோடு போகின்றன. ஸ்கேனுக்கு முன் சிறுநீரகத்தைச் சோதிக்க இரத்தம் எடுப்பது அதனால்தான். அந்தச் சோதனையை வீண் அலைச்சல் என்று யாரும் தட்டிக்கழிக்க வேண்டாம்.