மாத்திரை தந்த பதற்றம்

1963இல் அமெரிக்காவில் பெட்டி ஃப்ரீடனின் ‘தி ஃபெமினைன் மிஸ்டிக்’ நூல் வெளிவந்தது. வீட்டுக்குள் அடைபட்ட பெண்களின் பெயரற்ற மனக்குறையைச் சமூகப் பிரச்சினையாக அந்நூல் முன்வைத்தது. அதே ஆண்டில் ஹாஃப்மன்-லா ரோஷ் நிறுவனம் வேலியம் மாத்திரையை விற்பனைக்குக் கொண்டுவந்தது. மருத்துவ இதழ்களில் வந்த இவ்வகை மருந்துகளின் விளம்பரங்கள், மணமாகாத பெண்ணின் தனிமையையும் இல்லத்தரசியின் சலிப்பையும் மருந்து தர வேண்டிய நோயாகக் காட்டின.

1970களில் அமெரிக்காவில் மிக அதிகமாகப் பரிந்துரைக்கப்பட்ட மருந்து வேலியம். 1978இல் மட்டும் 200 கோடிக்கும் மேற்பட்ட மாத்திரைகள் விற்றன. இவ்வகை மாத்திரைகள் ஆண்களைவிடப் பெண்களுக்கு ஏறத்தாழ இருமடங்கு எழுதித் தரப்பட்டன.

பதற்றத்தைத் தணிக்கும் இம்மருந்தே பதற்றத்தைத் தரக்கூடியது. மூளையைச் சாந்தப்படுத்தும் ‘காபா’ என்ற வேதிப்பொருளின் வேலையை இது கூட்டுகிறது. நாள்கணக்கில் தொடர்ந்து உட்கொள்ளும்போது மூளை அதற்குப் பழகி, தன் எதிர்வினையைக் குறைத்துக்கொள்கிறது. மாத்திரையைச் சட்டென்று நிறுத்தினால் தடை தளர்ந்த வண்டிபோல நரம்பு மண்டலம் தறிகெடுகிறது. தூக்கமின்மை, நடுக்கம், படபடப்பு, ஒலியும் ஒளியும் தாங்காத நிலை, சிலருக்கு வலிப்பு. விரைவில் உடலைவிட்டு நீங்கும் மாத்திரைகளில், அடுத்த வேளைக்கு முன்பே பதற்றம் எழுவதுண்டு.

இதை யாரும் அறியாமல் இல்லை. வேலியத்துக்கு முன்னோடியான லிப்ரியத்தை அதிக அளவில் மாதக்கணக்கில் உட்கொண்ட 11 நோயாளிகளுக்கு, லியோ ஹாலிஸ்டர் குழுவினர் அதைத் திடீரென நிறுத்திப் பார்த்தனர். 10 பேருக்குப் புதிய அறிகுறிகள் தோன்றின. அந்த ஆய்வு வெளியான ஆண்டு 1961. ஆனால் அளவு மீறினால்தான் ஆபத்து என்ற நம்பிக்கை நீடித்தது. மருத்துவர் சொன்ன அளவையே உட்கொண்ட பெண், நிறுத்தியதும் பதறினால், “பழைய நோய் திரும்பிவிட்டது” என்று மறுபடியும் அதே மாத்திரை தரப்பட்டது. மருந்தின் விளைவே மருந்து தேவை என்பதற்குச் சான்றாயிற்று.

இந்த வட்டத்தை உடைத்ததில் பெண்களின் வாக்குமூலங்களுக்குப் பெரும் பங்குண்டு. தொலைக்காட்சி ஆவணப்பட இயக்குநர் பார்பரா கார்டன், வேலியத்தை ஒரேயடியாக நிறுத்தியதால் நிலைகுலைந்த கதையை 1979இல் நூலாக எழுதினார். அதே ஆண்டு செனட்டர் எட்வர்ட் கென்னடி தலைமையில் இம்மருந்துகள் பற்றிய விசாரணை நடந்தது. 1981இல் லண்டனில் மால்கம் லேடரும் உடன் ஆய்வாளரும், வழக்கமான அளவில் உட்கொண்டவர்களுக்கும் இதே துன்பம் நேர்வதைப் பதிவுசெய்தனர்.

1982 முதல் 1994 வரை இங்கிலாந்தின் நியூகாசிலில் மருத்துவர் ஹெதர் ஆஷ்டன் இதற்கெனவே ஒரு மருத்துவமனைப் பிரிவை நடத்தினார். நோயாளிகள் சொன்னதைச் சந்தேகிக்காமல் கேட்டார். மாதக்கணக்கில் சிறிது சிறிதாக அளவைக் குறைக்கும் அவருடைய முறை அந்தக் கேட்டலிலிருந்து உருவானது.

சார்புநிலையும் நிறுத்தும்போது வரும் விளைவுகளும் பற்றிய கடும் எச்சரிக்கையை இவ்வகை மருந்துகள் அனைத்திலும் பொறிக்கும்படி அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு உத்தரவிட்டது 2020இல்தான். முதல் ஆய்வுக்கு 59 ஆண்டுகள் கழித்து.

கொஞ்ச நாளுக்கு, தேவையறிந்து தந்தால் இவை உதவுபவைதாம்; தாமாகத் திடீரென நிறுத்துவதும் ஆபத்து. ஆனால் மாத்திரைக்குப் பின் தன் உடலில் என்ன மாறியது என்று ஒரு பெண் சொல்லும்போது, அதை நோயின் புலம்பலாகத் தள்ளாமல் மருத்துவச் சான்றாக எழுதிக்கொள்ள வேண்டும். அப்படி எழுதிக்கொள்ளாததன் விலையைத்தான் இந்த 59 ஆண்டுகளும் பெண்கள் கொடுத்தார்கள்.