மங்கிப்போன நீலம்



பிள்ளைக்கு வாட்டர் கலர் வாங்க வேண்டும், எந்த கம்பெனி நல்லது சார் என்று இந்த மாதத்தில் மட்டும் மூன்று பேர் கேட்டுவிட்டீர்கள். கம்பெனி பெயரைவிட முக்கியமான ஒன்று இருக்கிறது. அதைச் சொல்ல இங்கிலாந்து வரை போய்வர வேண்டும். கொஞ்சம் நீளம்தான், பொறுமையாகப் படியுங்கள்.

250 ஆண்டுகளுக்கு முன் அங்கே ஓவியர்கள் பெரும்பாலும் நிறத்தைத் தாங்களே அரைத்துக்கொண்டார்கள். கல்லின்மேல் பொடியைக் கொட்டி, பிசின் கரைத்த தண்ணீர் விட்டு, நம் வீட்டில் சந்தனம் அரைப்பதுபோல. லண்டனில் ரீவ்ஸ் சகோதரர்கள் அதை வில்லைகளாக்கி விற்றார்கள். 1781-ல் கலைச் சங்கம் அதற்கு வெள்ளியில் செய்த வண்ணத்தட்டைப் பரிசளித்தது. 1832-ல் வின்சர், நியூட்டன் என்ற இருவர் கடை தொடங்கினார்கள். கிளிசரின் சேர்த்து, தூரிகை பட்டவுடன் கரையும் வில்லைகளைச் செய்தார்கள். 1846-ல் டியூபும் வந்துவிட்டது.

வசதிதான். ஆனால் தானே அரைத்தவனுக்கு உள்ளே என்ன இருக்கிறது என்று தெரியும். கடையில் வாங்கியவனுக்கு மேலே ஒட்டிய பெயர் மட்டும்தான் தெரியும்.

அன்றைய ஓவியர்கள் மேகத்தின் சாம்பல் நிறத்துக்கு அவுரி நீலத்தையும் செம்மண் நிறத்தையும் கலப்பார்கள். திண்டிவனம் பக்கம் இன்றும் பயிராகிறதே, அதே அவுரிதான். துணியில் பல காலம் நிற்கும் அந்த நீலம், காகிதத்தில் மெல்லிய பூச்சாக வெயில் பட்டால் மங்கிவிடும். செம்மண் மட்டும் அசையாது. சுவரில் மாட்டிய படங்களில் சாம்பல் மேகங்கள் நரிநிறமாக மாறின. 1886-ல் ஜே.சி. ராபின்சன் என்ற கலை வல்லுநர் இதை ‘டைம்ஸ்’ பத்திரிகையில் எழுப்ப, ரஸ்கின் எதிர்த்து எழுத, பெரிய சண்டையாகிவிட்டது.

சண்டையைத் தீர்த்தது பரிசோதனை. ரஸ்ஸல், ஆப்னி என்ற இரண்டு விஞ்ஞானிகள் நிறம் பூசிய காகிதப் பட்டைகளைக் கண்ணாடிக் குழாய்களில் இட்டு, ஒரு பாதியை மறைத்து வெயிலில் வைத்தார்கள். 1888-ல் அறிக்கை வந்தது. பூச்சியிலிருந்து எடுத்த கார்மைன் சிவப்பு, அவுரி நீலம் போன்றவை தோற்றன. காவி முதலான மண் நிறங்கள் நின்றன. காற்றை நீக்கிய குழாயில் பெரும்பாலான நிறங்கள் மங்கவில்லை என்பதையும் கண்டார்கள். வெளிச்சம் மட்டுமல்ல, காற்றும் ஈரமும் சேர்ந்துதான் நிறத்தைத் தின்கின்றன.

ஹென்றி வான் என்ற சேகரிப்பாளர் தம்மிடம் இருந்த டர்னரின் நீர்வண்ணப் படங்களில் 38-ஐ எடின்பரோவுக்கும் 31-ஐ டப்ளினுக்கும் எழுதிவைத்தார்; 1900-ல் அவை அங்கே போய்ச் சேர்ந்தன. ஒரு நிபந்தனை: வெளிச்சம் குறைந்த ஜனவரி மாதத்தில் மட்டும் காட்ட வேண்டும். இரண்டு ஊரிலும் இன்றும் ஜனவரியில்தான் அவை வெளியே வருகின்றன.

இனி கடைக்குப் போகலாம். டியூபில் பெயரைப் பார்க்காதீர்கள், பொடி எழுத்தில் இருக்கும் நிறமிக் குறியீட்டைப் பாருங்கள். பி.பி. 29 என்றால் அல்ட்ராமரீன். வெயிலுக்கு அஞ்சாது. வெள்ளை வேட்டிக்குப் போட்ட பழைய நீலப் பொடியும் பெரும்பாலும் இதுதான். பி.ஆர். 83 என்றால் அலிசரின் கிரிம்சன். அழகான சிவப்பு, ஆனால் மங்கும். குறியீடே போடாத பெட்டி பள்ளிப் பயிற்சிக்குப் போதும், சுவரில் மாட்டும் படத்துக்கு வேண்டாம்.

பணம் குறைவாக இருந்தால் நிறத்தில் எண்ணிக்கையைக் குறையுங்கள், காகிதத்தில் குறைக்காதீர்கள். அன்று வாட்மன் காகிதம் கந்தல் துணியிலிருந்து வந்தது. இன்று 100 சதவீதப் பருத்தி, 300 ஜி.எஸ்.எம். என்று கேளுங்கள். மரக்கூழ்த் தாள் தானே பழுப்பாகிவிடும். தூரிகைக்குச் செயற்கை முடியே போதும். கீரி முடி என்று யாராவது ரகசியமாக நீட்டினால் வாங்காதீர்கள். நம் நாட்டில் அது வனவிலங்குச் சட்டப்படி குற்றம்.

வாங்கியதும் பிள்ளையோடு உட்கார்ந்து ஒரு தாளில் எல்லா நிறத்தையும் பட்டையாகப் பூசுங்கள். பாதியைக் கெட்டி அட்டையால் மூடி, வெயில் விழும் தெற்கு ஜன்னலில் ஒட்டுங்கள். மூன்று மாதம் கழித்து அட்டையை எடுத்துப் பார்த்து, ஒரு போட்டோ எனக்கும் அனுப்புங்கள்.