கூடு கட்டுபவையும் குளிர்காலம் கழிப்பவையும்: திண்டிவனம் வட்டார நீர்ப்பறவைகளின் வலசை

வடகிழக்குப் பருவமழையில் மேல்சித்தாமூரைச் சுற்றியுள்ள ஏரிகள் நிரம்பியதும் நீர்ப்பறவைகள் வந்திறங்குகின்றன. கிழக்கே மரக்காணத்தை ஒட்டிய கழுவேலி ஈரநிலத்திலும் அதே பருவத்தில் கூட்டம் சேர்கிறது. இவை அனைத்தும் கடல் கடந்து வந்தவை என்ற நம்பிக்கை பள்ளிப்பிள்ளைகள் முதல் சுற்றுலாப் பயணிகள் வரை வேரூன்றியிருக்கிறது. இக்கட்டுரை அதை மறுக்கிறது. இங்கே ஒரே மாதங்களில் நிகழ்பவை இருவேறு வலசைகள். அவற்றைப் பிரித்து ஆராயாதவரை ஏரிகளைக் காக்கும் திட்டங்களும் பாதியாகவே நிற்கும்.

முதற்சான்று கூடு. வட துருவத்தை ஒட்டிய நிலங்களிலிருந்து வரும் பறவை அங்கேதான் முட்டையிடுகிறது. இங்கே இரை தேடிக் குளிர்காலத்தைக் கழிக்கிறது. வேடந்தாங்கல் பறவைகள் சரணாலயத்தில் நத்தை குத்தி நாரையும் கூழைக்கடாவும் அரிவாள் மூக்கனும் நீர்க்காகமும் கூடு கட்டிக் குஞ்சு பொரிக்கின்றன. எனவே அவை இம்மண்ணின் பறவைகள். மழைக்குப் பின் நத்தையும் மீனும் பெருகும் வேளையில் குஞ்சுக்கு வாய் நிறைய இரை கிடைக்கிறது. கோடையில் ஏரி வற்றியதும் பறவைகள் கலைகின்றன. அவற்றை நகர்த்துவது தண்ணீர்.

கழுவேலிச் சேற்றில் மேயும் கொசு உள்ளானின் கதை வேறு. ஏறக்குறைய 25 கிராம் எடையுள்ள இப்பறவை வட துருவத் துந்திரத்தில் இனப்பெருக்கம் செய்வது. அது வடக்கே திரும்ப வேண்டிய நாளை எப்படி அறிகிறது? உயர் அட்சரேகைகளில் பகல் நீள்வதே போதிய அறிவிப்பு. நம் பகுதியிலோ ஆண்டின் மிக நீண்ட பகலுக்கும் மிகக் குறுகிய பகலுக்கும் உள்ள வேறுபாடு ஒன்றரை மணி நேரத்தை எட்டுவதில்லை. ஜெர்மானிய அறிஞர் எபர்ஹார்ட் குவின்னர் கதிர்க்குருவி வகைகளை மாறாத பகல்-இரவு அளவில், மாறாத வெப்பத்தில் வளர்த்தார். வெளியுலகச் செய்தி எதுவும் எட்டாமலே அவற்றுக்கு இறகுதிர்வும் வலசைக்கால இரவு அமைதியின்மையும் ஏறத்தாழ ஆண்டுச் சுழற்சியில் வந்து போயின. உடலுக்குள்ளேயே ஓர் ஆண்டுக் கடிகாரம் ஓடுகிறது என்பதற்கு இதைவிட வலுவான சான்று நான் அறிந்தவரை இல்லை. வெப்பமண்டலத்தில் குளிர்காலம் கழிக்கும் பறவைகளை விளங்கிக்கொள்ள நாம் தொடங்கவேண்டிய இடமும் இதுவே.

இவற்றை ஆராயும் முறைகளுக்கு வருவோம். 1899இல் டென்மார்க் ஆசிரியர் மார்ட்டென்சென் எண்ணிட்ட அலுமினிய வளையங்களைப் பறவைக் கால்களில் பூட்டினார். பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகம் 1927இல் வளையமிடத் தொடங்கியது. பறவையியலாளர் சாலிம் அலி காலத்தில் அப்பணி விரிந்தது. கோடியக்கரை அதன் முதன்மைக் களங்களுள் ஒன்றாயிற்று. வளையத்தின் குறை வெளிப்படை: அதே பறவை மீண்டும் ஒருவர் கையில் சிக்கினால்தான் அது பேசும். 1987 முதல் நடந்துவரும் ஆசிய நீர்ப்பறவைக் கணக்கெடுப்போ ஜனவரியில் எத்தனை பறவைகள் இருந்தன என்று சொல்லும். எங்கிருந்து வந்தன என்று சொல்லாது.

அப்படியானால் கூடு கட்டும் நாரைகளை உள்ளூர்ப் பறவைகள் என்று ஒதுக்கிவிடலாமா? அதுவும் பிழை. ராஜஸ்தானின் பரத்பூரில் வளையமிட்ட இளம் நத்தை குத்தி நாரை ஒன்று சுமார் 800 கி.மீ. கிழக்கே மீட்கப்பட்டது; தாய்லாந்தில் வளையமிட்ட இன்னொன்று 1,500 கி.மீ. மேற்கே வங்கதேசத்தில் கிடைத்தது. துருவத்திலிருந்து வராதவை என்பதால் அவற்றின் பயணம் சிறிதாகிவிடாது.

இப்பயணங்களைத் தொடர்ந்து அறிய வளையம் போதாது; தடமறியும் கருவி வேண்டும். பறவையின் மேல் பொருத்தும் கருவி அதன் உடல் எடையில் 3 விழுக்காட்டைத் தாண்டலாகாது என்பது பரவலாக ஏற்கப்பட்ட விதி. கொசு உள்ளானுக்கு அது ஒரு கிராமுக்கும் குறைவு. மூன்று கிலோ எடையுள்ள மஞ்சள் மூக்கு நாரையோ 90 கிராம் வரை சுமக்கும். சூரிய ஒளியில் இயங்கும் செயற்கைக்கோள் கருவியை எளிதில் தாங்கும். நெடுந்தூரப் பயணிகளின் மேல் உள்ள ஆர்வத்தில் ஒரு பங்கை நம் மரங்களில் பொரிக்கும் குஞ்சுகளின் பக்கம் திருப்பவேண்டும் என்பதே என் வாதம்.

கழுவேலி 2021 டிசம்பரில் பறவைகள் சரணாலயமாயிற்று. 2024 ஆகஸ்டில் பன்னாட்டு முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலங்களின் ராம்சார் பட்டியலில் இடம்பெற்றது. 5,000 ஹெக்டேருக்கு மேற்பட்ட அப்பரப்பின் காப்பு உள்ளான்களுக்குப் பெரிதும் பயன்படும். நாரைகளோ மேல்சித்தாமூர் போன்ற ஊர்களின் சிற்றேரிகளிலும் நெல்வயல்களிலும் இரை தேடுபவை. அந்த ஏரிகளும் வயல்களும் எந்தச் சரணாலய எல்லைக்குள்ளும் வராதவை. ஓர் ஏரியின் விளிம்பு முழுவதையும் ஒரே ஆழத்துக்குத் தூர்வாரினால் நடந்து இரை தேடும் நாரைக்கு அங்கே கால்வைக்க இடமிராது. கருவி பொருத்திய பறவைகள் எந்தெந்த ஏரிகளில் எத்தனை நாள் தங்குகின்றன என்ற வரைபடம் கையில் இருந்தால், நீர்வளத் துறையிடம் எந்தக் கரையோரத்தை ஆழப்படுத்தாமல் விடவேண்டும் என்று ஊர் பெயரோடு கேட்கமுடியும்.