வெள்ளிப் பதக்கத்துக்குப் பிறகு டங்கன் வைட் என்ன வேலை செய்தார்?



இல்ல விளையாட்டுப் போட்டி நடக்கும் காலம் இது. பிரதம அதிதிகள் மேடையில் டங்கன் வைட், சுசந்திகா ஜயசிங்க என்று இரண்டு பெயர்களைச் சொல்லாமல் இறங்க மாட்டார்கள். சொல்ல வேண்டிய பெயர்கள்தான். ஒலிம்பிக்கில் இலங்கைக்குப் பதக்கம் கொண்டு வந்தவர்கள் இந்த இரண்டு பேர் மட்டுமே. ஆனால் டங்கன் வைட்டின் கதையை எல்லோரும் 1948இலேயே நிறுத்தி விடுகிறார்கள். அதற்குப் பிறகு அவர் பார்த்த தொழில்தான் ஆசிரியர்களும் பெற்றோரும் தெரிந்து கொள்ள வேண்டியது. கொஞ்சம் நீளமான பதிவு, பொறுமையாக வாசியுங்கள்.

1918 மார்ச் 1ஆம் திகதி களுத்துறை மாவட்டத்தில் பிறந்தவர். படித்தது நமக்குப் பக்கத்தில், கண்டி திரித்துவக் கல்லூரியில். தடை தாண்டும் பழக்கம் பாடசாலை மைதானத்தில் தொடங்கியது. இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் இராணுவத்தில் இருந்தார்.

1948 பெப்ரவரி 4 சுதந்திரம். அதே ஆண்டு லண்டன் ஒலிம்பிக்கில் இலங்கை முதன்முறையாகப் பங்குபற்றியது. போனவர்கள் ஏழே ஏழு பேர். மூன்று மெய்வல்லுநர்கள், நான்கு குத்துச்சண்டை வீரர்கள். அணித் தலைவர் டங்கன் வைட். ஜூலை 31ஆம் திகதி வெம்ப்ளி மைதானத்தில் 400 மீற்றர் தடைதாண்டல் இறுதிப் போட்டி. அமெரிக்காவின் ரோய் கொக்ரன் 51.1 விநாடி, நம்மவர் 51.8, சுவீடனின் ரூன் லார்சன் 52.2. புதிதாகச் சுதந்திரம் பெற்ற ஒரு சின்ன நாட்டுக்கு வெள்ளிப் பதக்கம்.

அந்த ஆண்டு மலையகத்துக்கு வேறு விதமாகவும் ஞாபகம் இருக்கும். நவம்பர் 15ஆம் திகதி 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கக் குடியுரிமைச் சட்டம் நடைமுறைக்கு வந்தது. தோட்டங்களில் தலைமுறை தலைமுறையாகக் கொழுந்து பறித்தவர்கள் நாடற்றவர்கள் ஆனார்கள். இலங்கை என்ற பெயர் உலக மைதானத்தில் ஒலித்த அதே ஆண்டில், லயத்துப் பிள்ளைக்கு அந்தப் பெயரைச் சொல்லிக்கொள்ளும் உரிமை போனது. இரண்டையும் சேர்த்துப் படித்தால்தான் 1948 முழுசாகப் புரியும்.

சரி, டங்கன் வைட்டுக்கு வருவோம். பதக்கத்தோடு அவர் உட்கார்ந்து விடவில்லை. உடற்கல்வி ஆசிரியர் பயிற்சிக்குப் பெயர்போன இங்கிலாந்தின் லப்பரோ கல்லூரிக்குப் படிக்கப் போனார். அதாவது உலகத்தில் இரண்டாவது இடம் எடுத்த மனிதர், சொல்லிக் கொடுப்பது எப்படி என்று கற்க மறுபடியும் மாணவனாக உட்கார்ந்தார். 1950இல் நியூசிலாந்தின் ஒக்லண்ட் நகரில் நடந்த பிரித்தானியப் பேரரசு விளையாட்டில் 440 யார் தடைதாண்டலில் 52.5 விநாடியில் தங்கமும் எடுத்தார்.

பிறகு அவர் போனது நைஜீரியாவுக்கு. அங்கே இபாதான் பல்கலைக்கழகத்தில் உடற்கல்விப் பணியில் இருந்தார். இபாதானும் 1948இல் பிறந்த நிறுவனம்தான், லண்டன் பல்கலைக்கழகத்தோடு இணைந்த கல்லூரியாக. 1962இல் தனிப் பல்கலைக்கழகமானது. டங்கன் வைட் 1998 ஜூலை 3ஆம் திகதி இங்கிலாந்தில் காலமானார்.

ஒரு பல்கலைக்கழகத்தில் விளையாட்டுப் பொறுப்பில் இருப்பவருக்கு என்ன வேலை? மைதானத்துக்குக் கோடு போடுவதிலிருந்து, போட்டி அட்டவணை, அணித் தெரிவு, உபகரணம், காயப்பட்ட பிள்ளையைக் கவனிப்பது வரை எல்லாம் அந்தத் தலையில்தான். பெரிய வேலை ஒன்று இன்னும் இருக்கிறது: நாளை பாடசாலைகளுக்குப் போகப் போகிறவர்களைத் தயார்படுத்துவது. ஒரு கணக்குப் போடுவோம். ஒரு விரிவுரையாளர் ஆண்டுக்கு 20 ஆசிரியர்களை உருவாக்கினால் 10 ஆண்டில் 200 பேர். அவர்கள் ஒவ்வொருவரும் 300 பிள்ளைகளைப் பழக்கினால் 60,000 பிள்ளைகள். ஒரு பதக்கம் ஒருவருடைய கழுத்தில் தொங்கும். இந்தக் கணக்கு ஒரு நாட்டையே ஓட வைக்கும்.

நம் நாட்டுக்கு அடுத்த ஒலிம்பிக் பதக்கம் எப்போது கிடைத்தது? 2000ஆம் ஆண்டு சிட்னியில், சுசந்திகா மூலம். இடையில் 52 ஆண்டுகள். ஒரு ஆள் இல்லாததால் மட்டும் இப்படி ஆனது என்று சொல்ல முடியாது. ஆனால் வென்றவரை மேடையில் ஏற்றி மாலை போட்டோம், அவர் கற்ற வித்தையைப் பெற்றுக்கொண்டது இன்னொரு நாட்டுப் பிள்ளைகள். இதை யோசிக்காமல் கடந்து போக முடியவில்லை.

இப்போது நம் பக்கம் பாருங்கள். 400 மீற்றர் தடைதாண்டலில் 10 தடைகள், ஒவ்வொன்றும் 3 அடி உயரம். முதல் தடைக்கு 45 மீற்றர், பிறகு தடைக்குத் தடை 35 மீற்றர், கடைசியில் 40 மீற்றர். தடைகளுக்கிடையில் எத்தனை அடி வைப்பது என்று எண்ணிப் பழக வேண்டும். பழக்க ஆளும் வேண்டும், சமதரையும் வேண்டும். ஹட்டன் டன்பார் மைதானம் போன்ற இடம் எத்தனை தோட்டங்களுக்கு எட்டும்? பல பாடசாலைகளில் முற்றம்தான் மைதானம். பந்து உருண்டால் தேயிலை நிரைக்குள் இறங்கித் தேட வேண்டும்.

நிலத்தை நாம் மாற்ற முடியாது. பாடவேளையை மாற்றலாம். உடற்கல்விப் பாடவேளையைக் கணிதத்துக்கும் புலமைப்பரிசில் வகுப்புக்கும் தானமாகக் கொடுக்கும் பழக்கம் நம்மிடம் இருக்கிறது. அந்த நேரம் பிள்ளையின் உரிமை. பெற்றோர் கூட்டத்தில் கணித ஆசிரியரைப் பற்றி விசாரிக்கும் நாம், பி.டி. சேர் இருக்கிறாரா என்றும் கேட்க வேண்டும். பழைய மாணவர் சங்கங்கள் வரவேற்பு வளைவுக்குச் செலவழிக்கும் பணத்தில் நாலு தடைகள் செய்து கொடுக்கலாம். பக்கத்துத் தச்சுப் பட்டறையில் மரத்தால் செய்தாலே பழகப் போதும்.

உங்களை ஓட வைத்த ஆசிரியர் யார்? எந்தப் பாடசாலை, எந்தக் காலம்? அவர் என்ன சொல்லித் தந்தார் என்பதைக் கீழே எழுதுங்கள். மலையகத்தின் விளையாட்டு வரலாற்றை எழுத அந்த ஞாபகங்கள் வேண்டும். அந்த ஆசிரியர் இன்றும் பக்கத்தில் இருந்தால், இந்த முறை போட்டிக்கு அவரைப் பிரதம அதிதியாக அழையுங்கள்.