மவுஸ் பொத்தான் மாற்றியமைத்தல்

மவுஸின் எந்தப் பொத்தானை அழுத்தினால் என்ன நடக்க வேண்டும் என்பதைப் பயன்படுத்துபவரே தீர்மானித்துக்கொள்ளும் வசதி. இடக்கைப் பழக்கமுள்ளவர்கள் இட, வலப் பொத்தான்களின் வேலையை மாற்றிக்கொள்வதற்கே இது பெரிதும் பயன்படுகிறது. மணிக்கட்டு வலியால் மவுஸை மறு கைக்கு மாற்றுபவர்களுக்கும் இது தேவைப்படும்.

டக்ளஸ் எங்கல்பார்ட்டின் எண்ணத்துக்கு 1964இல் பில் இங்கிலிஷ் உருக்கொடுத்த மரப்பெட்டி மவுஸில் ஒரே பொத்தான்தான். 1968 டிசம்பர் 9 அன்று சான் பிரான்சிஸ்கோவில் எங்கல்பார்ட் நடத்திய செயல்விளக்கத்தில் அது மூன்றாகியிருந்தது. அன்று அவருடைய வலக்கை மவுஸிலும் இடக்கை ஐந்து விசைகள் கொண்ட தனிப் பலகையிலும் இருந்தன. 1973இல் ஜெராக்ஸ் ஆய்வகத்தில் உருவான ஆல்டோ கணினிக்கும் மூன்று பொத்தான்கள். அதில் வளர்ந்த ஸ்மால்டாக் மொழி அவற்றைச் சிவப்பு, மஞ்சள், நீலம் என்று அழைத்தது. இடம், வலம் என்ற பேச்சே அந்தப் பெயர்களில் இல்லை. அந்த வழக்கம் நிலைத்திருந்தால், பொத்தான்களை இடம், வலம் என்று அழைப்பதால் பின்னால் வந்த குழப்பம் பாதி குறைந்திருக்கும். ஆப்பிள் 1983இல் லிசாவுக்கு ஒற்றைப் பொத்தான் போதும் என்று முடிவெடுத்தது. அதே ஆண்டு வந்த மைக்ரோசாஃப்ட் மவுஸில் இரண்டு.

பொத்தானையும் அதன் வேலையையும் தெளிவாகப் பிரித்துவைத்தது, எம்.ஐ.டி.யில் 1984இல் தொடங்கிய எக்ஸ் விண்டோ முறைமை. அதில் பொத்தான்களுக்கு 1, 2, 3 என்று எண்கள் மட்டுமே. ‘எக்ஸ்மோட்மேப்’ கட்டளையில் வரிசையை 3 2 1 என்று எழுதினால் மவுஸ் இடக்கைக்கு மாறிவிடும். உருள்சக்கரம் வந்தபோது, மேலே உருட்டுவது 4ஆம் பொத்தான், கீழே உருட்டுவது 5 என்று வைத்துக்கொண்டார்கள். விண்டோஸ் 3.1 (1992) பதிப்பின் கட்டுப்பாட்டுப் பலகத்திலேயே பொத்தான்களை மாற்றும் தேர்வு இருந்தது.

வலக்கையைச் ‘சோற்றுக்கை’ என்று சொல்லிக்கொடுத்தே பிள்ளைகளை வளர்க்கும் நம் ஊரில் இந்த வசதியைப் பலர் அறியாமலேயே இருக்கிறார்கள். கருவிக்குக் கை வளைந்துகொடுக்க வேண்டும் என்பது சில தொழில்களில் தவிர்க்க முடியாதது. ரப்பர் பால்வெட்டு அதற்கு ஓர் எடுத்துக்காட்டு. கன்னியாகுமரி மாவட்டத்துக் கீரிப்பாறையில் அரசு ரப்பர் கழகத்தின் தோட்டங்கள் இருக்கின்றன. ரப்பர் மரத்தில் பால்வெட்டு இடப்புறம் உயர்ந்து வலப்புறம் சரிந்து, சுமார் 30 பாகைச் சாய்வில் போகும். பட்டைக்குள் பால்குழாய்கள் ஓடும் சாய்வுக்கு அந்தத் திசையில் வெட்டினால்தான் அதிகக் குழாய்கள் அறுபட்டுப் பால் கூடுதலாக வடியும். இடக்கைக்காரரும் அப்படித்தான் வெட்டியாக வேண்டும். அங்கே விதி மரத்தினுடையது. மவுஸில் அப்படி எந்த இயற்கை விதியும் இல்லை. எண்ணை மாற்றினால் வேலை மாறும். ஆகவே இடக்கைப் பிள்ளையிடம் “வலக்கையால் பிடி” என்று சொல்வதற்கு நியாயமே கிடையாது.

நடைமுறைச் சிக்கல் பொதுக் கணினிகளில் எழுகிறது. இந்த அமைப்பு பயனர் கணக்கோடு சேமிக்கப்படுகிறது. பள்ளி ஆய்வகத்தில் எல்லோரும் ஒரே கணக்கில் நுழைந்தால், ஒருவர் மாற்றியது அடுத்து உட்காருபவரைத் தடுமாற வைக்கும். ஆசிரியர் “ரைட் கிளிக் செய்” என்னும்போது, மாற்றி வைத்திருக்கும் மாணவி இடப் பொத்தானை அழுத்த வேண்டும். ‘முதன்மைப் பொத்தான்’, ‘துணைப் பொத்தான்’ என்று சொல்லிப் பழகினால் இரு கையினருக்கும் பொருந்தும். லினக்ஸின் க்னோம் திரைச்சூழலும் அமைப்புகளில் ‘முதன்மைப் பொத்தான்’ எது என்றுதான் கேட்கிறது.

தமிழக அரசு 2011 செப்டம்பர் 15 அன்று தொடங்கிய விலையில்லா மடிக்கணினித் திட்டத்தில், விண்டோஸுடன் சி-டாக் நிறுவனத்தின் பாஸ் லினக்ஸும் சேர்ந்தே வந்தது. டெபியனை அடிப்படையாகக் கொண்டது பாஸ். இரண்டு இயங்குதளங்கள் இருக்கும் கணினியில் ஒன்றில் செய்த மாற்றம் மற்றதற்குப் போகாது. இரண்டிலும் தனித்தனியாக மாற்ற வேண்டும். எக்ஸ் விண்டோ முறைமைக்குப் பதிலாக வேலாண்டு என்னும் புதிய முறைமை இயங்கும் இன்றைய லினக்ஸில் பழைய எக்ஸ்மோட்மேப் கட்டளை பலிப்பதில்லை. அங்கே திரைச்சூழலின் அமைப்புகளுக்குள் போய்த்தான் மாற்ற முடியும்.