எண்ணூர்க் கழியும் ஒரு பழைய பறவைப் பட்டியலும்

கும்மிடிப்பூண்டி மின்ரயில் எண்ணூரைத் தாண்டியதும் கொசஸ்தலை ஆற்றுப் பாலத்தில் ஏறும். அடுத்தது அத்திப்பட்டு புதுநகர், அதற்கடுத்து அத்திப்பட்டு. தூரத்தில் அனல்மின் நிலையத்தின் புகைபோக்கிகள். கீழே, நீர் வற்றியிருக்கிற நேரமானால், சேற்றுத்திட்டு. புரட்டாசி, ஐப்பசி மாதங்களில் அந்தச் சேற்றைக் கொஞ்சநேரம் உற்றுப் பார்த்தால் அது அசைவதுபோலத் தெரியும். உள்ளான், உப்புக்கொத்தி, பவளக்காலி. பலதும் சைபீரியா, மத்திய ஆசியா பக்கம் குஞ்சு பொரித்துவிட்டு வந்தவை. ரயிலில் பெரும்பாலானவர்கள் போனைத்தான் பார்த்துக்கொண்டிருப்பார்கள். அதில் தப்பு ஒன்றுமில்லை, வேலைக்குப் போகிறவர்கள்.

இந்தக் கரையின் பறவைகளை எழுதிவைக்கிற வழக்கத்துக்கு முந்நூறு வயசுக்கு மேல் ஆகிறது. புனித ஜார்ஜ் கோட்டையில் எட்வர்ட் பக்லி என்று ஒரு கம்பெனி வைத்தியர் இருந்தார். மதராஸ் பறவைகளின் படங்களை லண்டனில் இருந்த ஜேம்ஸ் பெட்டிவருக்கு அனுப்பினார். பெட்டிவர் மருந்துக்கடைக்காரர், உலகமெங்கும் கப்பல்காரர்களிடமும் வைத்தியர்களிடமும் பூச்சி, செடி, சிப்பி என்று கேட்டு வாங்கிச் சேர்த்தவர். ஜான் ரே எழுதிய பறவை நூல் அவர் இறந்தபின் 1713இல் வெளிவந்தபோது, இந்த மதராஸ் பறவைகளும் அதில் சேர்ந்தன. இந்தியப் பறவைகளைப் பற்றி அச்சில் வந்த மிகப் பழைய பட்டியல்களில் இது ஒன்று. படத்துக்குப் பறவையைப் பிடித்துக் கொடுத்தவர் யார் என்று பட்டியல் சொல்லாது. கம்பெனி வைத்தியர் தானே வலை போட்டிருப்பார் என்று நான் நம்பவில்லை.

இது பிறகும் தொடர்ந்தது. பழவேற்காட்டுக்கு வடக்கே நெல்லூரில் வைத்தியராக இருந்த ஜெர்டன் 1840களில் பறவை நூல் எழுதினார். அவர் பெயரைத் தாங்கிய ஒரு பறவை அழிந்துவிட்டது என்றே எல்லாரும் நினைத்திருக்க, 1986இல் ஆந்திராவின் கடப்பைப் பக்கம் மறுபடி அகப்பட்டது. இரவில் அதைப் பிடித்தவர் உள்ளூர் வேட்டைக்காரர்.

பைனாகுலர் வைத்துக்கொண்டு ஞாயிற்றுக்கிழமை கிளம்புகிற இன்றைய பொழுதுபோக்குக்கும் வலசை ஆராய்ச்சிக்கும் நடுவில், வினோதமாக, ஒரு காய்ச்சல் இருக்கிறது. 1957இல் மைசூர் மாநிலம் சிவமொக்கா பக்கம், கியாசனூர் காட்டில் குரங்குகள் செத்து விழுந்தன. உண்ணி பரப்பும் புதுக் காய்ச்சல். ரஷ்யாவின் ஓம்ஸ்க் பகுதிக் காய்ச்சலுக்கு இது உறவு என்பதால், கிருமியை வலசைப் பறவைகள் சுமந்து வந்தனவோ என்று உலக சுகாதார நிறுவனத்துக்குச் சந்தேகம். சாலிம் அலியின் பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகம் 1959இல் பறவைகளுக்கு வளையமிடும் வேலையைப் பெரிய அளவில் தொடங்கியதற்கு இதுவே காரணம். சந்தேகம் கடைசியில் நிரூபணமாகவில்லை. ஆனால் கோடிக்கரையில் வளையமிடும் பணி நிலைத்தது. அங்கே வலை விரித்துப் பறவையை உயிரோடு, இறகு நசுங்காமல் பிடித்தவர்கள் பீகாரிலிருந்து வந்த மீர்ஷிகார்கள், பரம்பரைப் பறவைப்பிடிகாரர்கள்.

அத்திப்பட்டுக்கு வருவோம். இந்தப் பறவைகளுக்கு இரண்டு இடம் வேண்டும். நீர் வற்றும்போது இரை பொறுக்கச் சேறு. நீர் ஏறிச் சேறு மூழ்கியதும் நின்று ஓய்வெடுக்க ஆழமில்லாத தண்ணீர். இரண்டாவதை இங்கே கொடுத்தவை உப்பளங்கள். மனுஷன் பிழைப்புக்கு வெட்டிய பாத்தி, பறவைக்கு விடுதியானது. வடசென்னை அனல்மின் நிலையம் 1994இல் ஓட ஆரம்பித்தது; எண்ணூர்த் துறைமுகம் 2001இல். உப்பளங்கள் சுருங்கின, சாம்பல் கழியில் இறங்கியது. 2023 டிசம்பர் மிக்ஜாம் புயல் வெள்ளத்தில் மணலி சுத்திகரிப்பு ஆலை எண்ணெய் கழிக்குள் வந்தபோது, கறுத்துப்போன கூழைக்கடாக்களின் படங்களை நீங்களும் பார்த்திருப்பீர்கள். எண்ணெய் பட்ட இறகு நீரைத் தடுக்காது. அலகால் கோதிச் சுத்தம் பண்ணப் பார்த்தால் எண்ணெய் வயிற்றுக்குள் போகும். மீன்பிடி வலைகளும் அதே எண்ணெயில்தான் கிடந்தன.

பக்லியின் படங்களில் பறவை உண்டு, எத்தனை என்கிற எண்ணிக்கை இல்லை. ஆசிய நீர்ப்பறவைக் கணக்கெடுப்பு தொடங்கியது 1987இல். அது நடப்பது ஜனவரியில். பொங்கல் பறவைக் கணக்கெடுப்பும், பேரே சொல்கிறது, ஜனவரிதான். அந்த மாசத்தில் எண்ணினால் இங்கே தங்கிவிட்ட பறவைகள் அகப்படும். செப்டம்பரில் இறங்கி, சேற்றைக் கிளறித் தின்று, கொழுப்பு சேர்த்துக்கொண்டு இலங்கைப் பக்கம் போய்விட்டவை அகப்படாது. அவற்றுக்கு எண்ணூர் ஒரு சாப்பாட்டு நிறுத்தம், அவ்வளவே. ஆனால் அந்த ஒரு சாப்பாடு இல்லையென்றால் மிச்சப் பயணம் இல்லை. சேற்றை மேடாக்கலாமா என்ற வழக்கு வரும்போது ஜனவரிக் கணக்கை மட்டும் நீட்டினால், பாதி சாட்சிதான் கூண்டேறும்.

போகிறவர்கள் முதல்நாளே எண்ணூர் அலை நேரத்தைப் பார்த்துக்கொள்ளுங்கள். நீர் வற்றத் தொடங்கிய முதல் இரண்டு மணிநேரம் நல்லது. கரையில் வலை சரிசெய்துகொண்டிருப்பவர்களிடம் எந்தத் திட்டில் இன்றைக்குப் பறவை இறங்கியிருக்கிறது என்று கேளுங்கள். எண்ணிக்கையோடு தேதியையும் எழுதுங்கள்.