காவலூரின் இரவுகள்: தொலைநோக்கி நேரப் பங்கீட்டின் வரலாறு

தொலைநோக்கி நேரப் பங்கீடு என்பது, ஒரு வானாய்வகத்தில் கிடைக்கும் குறைந்த எண்ணிக்கையிலான நோக்கு இரவுகளை, அவற்றைக் கேட்டு விண்ணப்பிக்கும் ஆய்வாளர்களுக்குப் பிரித்தளிக்கும் முறையாகும். போட்டியாளர் பலர், இடங்கள் சில என்ற நிலை எங்கு உள்ளதோ அங்கெல்லாம் எழும் கேள்வியே இங்கும் எழுகிறது: யாருக்குக் கொடுப்பது, எதை வைத்துக் கொடுப்பது? தமிழ்நாட்டில் இக்கேள்வியைத் தெளிவாகக் காட்டும் இடம், சவ்வாது மலையில் காவலூரில் உள்ள வைணு பாப்பு வானாய்வகம்.

காவலூர் தேர்ந்தெடுக்கப்பட்ட கதை

சென்னையில் 1792இல் கட்டப்பட்ட வானாய்வகத்தின் மரபில் வந்தது கோடைக்கானல் வானாய்வகம். கதிரவனை ஆராய ஏற்ற இடமாக இருந்தாலும், மேகமூட்டம் காரணமாக இரவு வானத்தை நோக்க அது போதுமானதாக இல்லை. 1960இல் அதன் இயக்குநராகப் பொறுப்பேற்ற வைணு பாப்பு, விண்மீன் ஆய்வுக்கென வேறோர் இடத்தைத் தேடினார். அத்தேடல் இன்றைய திருப்பத்தூர் மாவட்டத்தில், ஆலங்காயத்தை அடுத்த காவலூரில் முடிந்தது. கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 725 மீட்டர் உயரம், சுற்றிலும் காடு, நகர வெளிச்சம் எட்டாத தொலைவு ஆகியவை அதன் சிறப்புகள். நிலநடுக்கோட்டுக்கு அருகில், ஏறத்தாழ 12.5 பாகை வட அகலாங்கில் இருப்பதால் தென்வானத்தின் பெரும்பகுதியையும் இங்கிருந்து காணலாம்.

1968இல் 38 செ.மீ. தொலைநோக்கியுடன் பணி தொடங்கியது. 1972இல் 1 மீட்டர் தொலைநோக்கி நிறுவப்பட்டது. 1971 முதல் தன்னாட்சி நிறுவனமாக இயங்கும் இந்திய வானியற்பியல் நிறுவனம் இவ்வானாய்வகத்தை நடத்துகிறது. இந்தியாவிலேயே வடிவமைத்துக் கட்டப்பட்ட 2.34 மீட்டர் தொலைநோக்கியை 1986 சனவரி 6 அன்று பிரதமர் ராஜீவ் காந்தி திறந்து வைத்தார். அதைக் கனவு கண்ட பாப்பு 1982இலேயே மறைந்துவிட்டதால், வானாய்வகத்துக்கும் தொலைநோக்கிக்கும் அவர் பெயர் சூட்டப்பட்டது.

இரவு ஏன் அரிய பொருள்

ஆண்டுக்கு 365 இரவுகள் இருந்தாலும் அத்தனையும் பயன்படுவதில்லை. தென்மேற்கு, வடகிழக்குப் பருவமழைக் காலங்களில் மேகம் வானத்தை மூடிவிடுகிறது. சனவரி முதல் மே வரையுள்ள மாதங்களே காவலூரில் நோக்குவதற்கு ஏற்றவை. கருவிகளைப் பராமரிக்கவும் சில இரவுகள் கழிகின்றன.

எஞ்சும் இரவுகளும் ஒரே மதிப்புடையவை அல்ல. மங்கலான விண்மீன் மண்டலங்களை ஆராய்பவருக்கு நிலவில்லாத இரவு வேண்டும். ஒளிமிக்க விண்மீன்களின் நிறமாலையைப் பதிவு செய்பவர் முழுநிலவு நாளிலும் பணியாற்றலாம். எனவே வந்த வரிசைப்படி இரவுகளைக் கொடுத்தால், இருள் தேவைப்படாதவர் அமாவாசையை எடுத்துக்கொள்ள, இருள் தேவைப்படுபவர் பௌர்ணமியில் காத்திருக்க நேரிடும்.

மேலும், சில நிகழ்வுகள் ஒருமுறையே வருபவை. 1977 மார்ச் 10 அன்று யுரேனசு கோள் ஒரு விண்மீனை மறைத்துக் கடந்தது. அந்த இரவில் அமெரிக்கரின் பறக்கும் வானாய்வகமும் காவலூரின் 1 மீட்டர் தொலைநோக்கியும் செய்த பதிவுகள் யுரேனசின் வளையங்களை வெளிப்படுத்தின. அந்த ஓர் இரவை இழந்தவருக்கு அடுத்த மாதம் ஈடாக எதையும் தர இயலாது. இதற்கு மாறாக, 1988இல் காவலூரில் கண்டறியப்பட்டு 4130 ராமானுஜன் எனப் பெயர்பெற்ற சிறுகோளைப் போன்றவற்றைத் தேடுவோருக்குப் பல இரவுகள் தொடர்ச்சியாக வேண்டும். ஒருவருக்கு ஒரே இரவு, மற்றவருக்கு இரவுகளின் வரிசை. இவ்விருவருக்கும் சம எண்ணிக்கையில் கொடுப்பது சமமாகத் தோன்றினாலும் நியாயமாகாது.

விண்ணப்பமும் குழுவும்

இதனால் உலகின் பெரிய வானாய்வகங்களைப் போலவே காவலூரிலும் நேரப் பங்கீட்டுக் குழு முறை உள்ளது. என்ன ஆய்வு, அதற்கு ஏன் இந்தத் தொலைநோக்கி, எத்தனை இரவுகள், எத்தகைய நிலவொளி என்பவற்றை விண்ணப்பதாரர் எழுதித் தரவேண்டும். குழு அவற்றை மதிப்பிட்டு இரவுகளை ஒதுக்குகிறது. ஒதுக்கிய இரவில் மேகம் சூழ்ந்தால் அந்த இழப்பு விண்ணப்பதாரருடையதே.

தகுதி பார்த்துக் கொடுக்கும் இம்முறையிலும் குறை உண்டு. முன்பு நேரம் பெற்றவரிடம் தரவு இருக்கும். தரவு உள்ளவர் வலுவான விண்ணப்பம் எழுதுவார். அதனால் மீண்டும் நேரம் பெறுவார். பெயர்பெற்ற நிறுவனத்தின் மூத்த ஆய்வாளருக்கும், சிறு பல்கலைக்கழகத்தின் முதலாண்டு ஆய்வு மாணவருக்கும் தொடக்கக் கோடு ஒன்றாக இருப்பதில்லை. ஒரு பருவத்தை இழந்தால் மாணவரின் ஆய்வேடு ஓராண்டு தள்ளிப்போகலாம்.

குடவோலை தரும் பாடம்

சீட்டுக் குலுக்கல் பாரபட்சமற்றது என்ற எண்ணம் தமிழகத்துக்குப் புதிதன்று. முதலாம் பராந்தக சோழன் காலத்தில் பொ.ஊ. 919, 921 ஆகிய ஆண்டுகளில் பொறிக்கப்பட்ட உத்திரமேரூர்க் கல்வெட்டுகள் குடவோலை முறையை விரிவாகக் கூறுகின்றன. 30 குடும்புகளிலிருந்தும் தகுதியானோர் பெயர்கள் ஓலையில் எழுதப்பட்டுக் குடத்தில் இடப்பட்டன. சிறுவன் ஒருவன் ஓலையை எடுத்தான். முந்தைய மூன்றாண்டுகளுக்குள் வாரியத்தில் இருந்தவர் மீண்டும் குடத்தில் இடம்பெற முடியாது. பொறுப்பிலிருந்து கணக்குக் காட்டாதவரும் அவருடைய உறவினரும் விலக்கப்பட்டனர். இடம் ஒருவரிடமே தங்கிவிடாமல் தடுத்த விதி இது.

ஆனால் குடத்துக்குள் நுழையவே நிலம், சொந்த மனை, வயது, வேதக் கல்வி ஆகிய தகுதிகள் தேவைப்பட்டன. அது பிராமணர் ஊரின் சபை. பெண்களும் பிறரும் அதில் இல்லை. குலுக்கல் நேர்மையாக நடந்தாலும், குடத்தில் யாருடைய ஓலை இடப்படுகிறது என்பது தனிக் கேள்வி என்பதை இது உணர்த்துகிறது.

விளையாட்டில் மற்றொரு வழி

வேகநீர்ப் படகுப் போட்டியான கேனோ சிலாலம் வேறொரு வழியைக் காட்டுகிறது. 1972 மியூனிக் ஒலிம்பிக்கில் அறிமுகமாகி, 1992 பார்சிலோனாவில் மீண்டும் இடம்பெற்ற இப்போட்டிக்கு டோக்கியோ, பாரிசு ஒலிம்பிக்குகளில் மொத்தம் 82 இடங்களே இருந்தன. டோக்கியோவில் ஒவ்வொரு பிரிவிலும் ஒரு நாட்டுக்கு ஒரு படகு என்பது விதி. கண்டங்களுக்கான தகுதிப் போட்டிகளும் உண்டு. இதனால் பல நாடுகள் களம் காண்கின்றன. அதே வேளையில், வலுவான நாட்டின் இரண்டாம் வீரர், களத்தில் உள்ள பலரை வெல்லக்கூடியவராக இருந்தும் வீட்டிலிருக்க நேர்கிறது. திறமை, பரவலான வாய்ப்பு ஆகிய இரண்டும் முழுமையாக ஒருசேரக் கிடைப்பதில்லை. ஒன்றைக் கூட்டினால் மற்றொன்று சற்றுக் குறைகிறது.

புதிய சீர்திருத்தங்கள்

தொலைநோக்கி உலகில் நெருக்கடி கூடியபோது புதிய வழிகள் பிறந்தன. 2023 அக்டோபரில் சேம்சு வெப் விண்வெளித் தொலைநோக்கிக்கு 1,931 விண்ணப்பங்கள் வந்தன. கேட்கப்பட்ட நேரம், கிடைக்கும் நேரத்தைப் போல ஏறத்தாழ 9 மடங்கு. அபிள் தொலைநோக்கி 2018இல் இருவழிப் பெயர் மறைப்பு முறையைக் கொண்டுவந்தது. விண்ணப்பித்தவர் யார் என்பது மதிப்பிடுவோருக்கும் தெரியாது. அதற்கு முந்தைய ஆண்டுகளில் ஆண்கள் தலைமையிலான விண்ணப்பங்களே கூடுதல் விகிதத்தில் தேர்வாகி வந்தன; அச்சுற்றில் பெண்களின் வெற்றி விகிதம் சற்றே முந்தியது.

விண்ணப்பித்தவர்களே ஒருவர் மற்றவருடையதை மதிப்பிடும் முறையை 2009இல் மெரிபீல்டு, சாரி ஆகியோர் முன்மொழிந்தனர். சிலி நாட்டிலுள்ள அல்மா 2021 முதல் பெரும்பாலான விண்ணப்பங்களுக்கு இம்முறையைப் பின்பற்றுகிறது.

குழுவின் முடிவுக்கு வெளியே சிறு பகுதியை இயக்குநரின் விருப்பத்துக்கு ஒதுக்குவதும் உண்டு. 1995 திசம்பரில் இராபர்ட்டு வில்லியம்சு அபிளின் அத்தகைய நேரத்தைப் பயன்படுத்தி, ஒன்றுமில்லாததுபோல் தோன்றிய வானத்தின் ஒரு சிறு பகுதியை 10 நாட்கள் நோக்கச் செய்தார். அதில் ஏறத்தாழ 3,000 விண்மீன் மண்டலங்கள் தெரிந்தன.

நியாயத்தின் கூறுகள்

இவ்வரலாறு ஒரே சரியான முறையைத் தருவதில்லை. சில கூறுகளைத் தருகிறது. விதிகள் முன்கூட்டியே அறிவிக்கப்பட வேண்டும். தேவையின் தன்மைக்கேற்ப இடங்கள் பிரிக்கப்பட வேண்டும். பெயரைவிட ஆய்வுக் கருத்து முன்நிற்க வேண்டும். புதியவருக்கெனச் சிறு பங்கு காக்கப்பட வேண்டும். தகுதியில் ஏறத்தாழச் சமமானோரிடையே குலுக்கல் நடத்துவதில் இழுக்கில்லை. தேர்வாகாதவருக்குக் காரணம் சொல்லப்பட வேண்டும்; அடுத்த பருவத்தில் அவர் மேலும் நல்ல விண்ணப்பத்தை எழுத அதுவே உதவும்.